18-14ல் முன்னிலை, 19-21ல் தோல்வி: சென்னையிலிருந்து ஜூமில் மனப் பயிற்சி, பலன் இருக்குமா?

ஜெலுத்தோங் டெக்னீஷியன் (பினாங்கு):

வணக்கம். என் மகள் பூப்பந்து ஆடுகிறாள், ஒற்றையர். வயது 15, படிவம் 3. இந்த வருடம் மாநிலப் பள்ளி அணிக்குத் தேர்வாகிவிட்டாள். ஆட்டத்தில் பெரிய குறை எதுவும் இல்லை. கால் வேகமும் பின்கோட்டிலிருந்து போடும் டிராப்பும் அவளுடைய கோச்சே மெச்சும்படி இருக்கின்றன. ஒரு செட்டுக்கு 21 புள்ளி, பிரச்சினை 17 புள்ளிக்கு அப்புறம்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் ஈப்போவில் ஒரு போட்டி. மூன்றாவது செட்டில் 18-14 என்று முன்னால் இருந்தாள். நான் கோர்ட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில். 18-15 ஆனது. அது எதிராளியின் நல்ல அடி, யாராலும் எடுத்திருக்க முடியாது. ஆனால் அடுத்த சர்வீஸை வாங்கப் போகும்போது குனிந்து காலணியின் அடியைக் கையால் துடைத்தாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்தத் துடைப்பு ஆரம்பித்தால் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கை இறுகும். பின்கோட்டுக்கு உயர்த்தி அடிக்கிற லிஃப்ட் பாதிக் கோர்ட்டில் நின்றுவிடும். நெட்டில் தொட்டு விடவேண்டிய பந்தைத் தள்ளுவாள். 19-21. திரும்பி வரும்போது குனுங் செமங்கோல் ஓய்விடத்தில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். வீடு வந்து சேரும்வரை அது அவள் மடியிலேயே இருந்தது.

இது நாலாவது தடவை என்பதால் மனைவி தன் தோழியிடம் விசாரித்து, சென்னையில் இருக்கும் ஒரு மனப் பயிற்சியாளரைப் பிடித்தார். வாரம் ஒரு நாள், ஜூமில், 45 நிமிடம். மாதம் 480 வெள்ளி (ரிங்கிட்). அங்கே மாலை 6 மணி என்றால் இங்கே இரவு 8.30. பயிற்சி முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு உட்காரச் சரியாக இருக்கிறது. மைலோ டின்னில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துச் சாப்பாட்டு மேசையிலேயே பேசுகிறாள்.

மேடத்தைக் குறை சொல்ல மாட்டேன், பொறுமைசாலி. முதல் வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. "கோர்ட்டில் அந்த நேரத்தில் என்னம்மா ஆகிறது?" என்று அவர் கேட்க, இவள் "கெலாபா ஆயிடுது மேடம்" என்றாள். அவர், "கலாபமா? மயிலுக்கு இருக்குமே, அதுவா?" என்றார். நான் சமையலறையிலிருந்து "பதற்றம் மேடம், பதற்றம்" என்று கத்தினேன். மலாய்ச் சொல் என்று பிறகு விளக்கினோம். இப்போது அவரே "இந்த வாரம் கெலாபா எப்படி?" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

சொல்லித்தருவது இதுதான்: நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு. உள்ளங்கால் தரையில் படுவதைக் கவனி. எண்ணம் வந்தால் துரத்தாதே, வந்துவிட்டுப் போகட்டும். படுக்கும் முன் கேட்க 12 நிமிடப் பதிவு ஒன்றும் அனுப்பியிருக்கிறார். மகள் மூன்றாவது நிமிடத்தில் தூங்கிவிடுகிறாள். தூக்கமும் நல்லதுதானே என்கிறார் மனைவி.

ஆறு வாரம் ஆகிவிட்டது. இடையில் ஒரு போட்டி வந்தது, அதே கதைதான். 17-17, துடைப்பு, தோல்வி.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். அலாரம் அடித்தால் பக்கத்தில் போய், மூடியைத் திறந்து, காதை வைத்துக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். வங்கக் கடலுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, அந்தத் துடைப்பை ஒரு தடவைகூடப் பார்க்காத ஒருவர் இதை எப்படிச் சரிசெய்வார் என்று தெரியவில்லை. தொடரலாமா? இல்லை, மண்டபத்துக்கே வந்து பார்க்கக்கூடிய ஆளாக உள்ளூரில் தேடலாமா? பிள்ளைகளை இப்படித் தூரத்திலிருந்து பயிற்றுவித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பிறை மாமா:

தம்பி, மூச்சு விட 480 வெள்ளியா? நாங்கள் தோட்டத்துத் திடலில் பந்து விளையாடிய காலத்தில் எங்களுக்கு இருந்த ஒரே மனப் பயிற்சியாளர் மண்டோர்தான், தோட்டத்துக் கண்காணி. அவர் பார்க்கிற பார்வையில் பதற்றம் எல்லாம் எங்கேயோ ஓடிவிடும்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. பிள்ளை இன்னும் பத்துப் போட்டி ஆடட்டும். தோற்றுத் தோற்றுத்தான் அந்தக் கடைசி மூன்று புள்ளி கைக்கு வரும். நம்ம புக்கிட் மெர்தாஜாம் பையன் லீ சோங் வெய், 2012 லண்டன் இறுதி ஆட்டத்தில் மூன்றாவது செட்டை எத்தனைக்கு விட்டார்? அதே 19-21தான். உலகத்தின் முன்னணி ஆட்டக்காரருக்கே அப்படி நடக்கும்போது 15 வயதுப் பிள்ளையை ஏன் நோயாளி மாதிரி நடத்துகிறீர்கள்?

செந்தூல் டீச்சர் (கோலாலம்பூர்):

மாமா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதில்.

அண்ணா, நானும் ஒரு காலத்தில் மாநில அணியில் இரட்டையர் ஆடியவள். இப்போது இடைநிலைப்பள்ளியில் ஆசிரியை, புறப்பாடத்தில் பூப்பந்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் இப்படித் தூரத்திலிருந்து ஒருவர்தான் பயிற்சி கொடுத்தார். முதல் மூன்று மாதம் சுத்த வீண். காரணம் அவர் இல்லை, நான்தான். வியாழக்கிழமை இரவு விடுதி அறையில் உட்கார்ந்துகொண்டு, சனிக்கிழமை 18-18ல் எனக்கு என்ன ஆயிற்று என்று நினைவிலிருந்து சொல்வேன். நினைவு என்ன சொல்லும்? "பயமாக இருந்தது சார்." அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

பிறகு ஒரு நாள் தோழியின் அக்கா என்னைப் படம் எடுத்தாள். பந்தை இல்லை, என்னை மட்டும். அதுவும் ஒரு புள்ளி முடிந்து அடுத்த சர்வீஸ் வரை உள்ள இடைவெளிகளை. அதில் பார்த்தால், தப்பு செய்த ஒவ்வொரு தடவையும் என் தலை தானாகக் கோச் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்புகிறது. எனக்கே அது தெரியாது. அந்தப் படத்தை அனுப்பிய பிறகுதான் எங்கள் அமர்வுகள் உருப்பட்டன.

மெஷின் பற்றி எழுதியிருந்தீர்கள். வெளிநாட்டில் இருக்கிற எஞ்சினியர் போனில் வழிசொல்லி நீங்கள் மெஷினைச் சரிசெய்ததே இல்லையா? அவர் உங்களிடம் என்ன கேட்பார்? அளவு எவ்வளவு காட்டுகிறது, எத்தனை மணிக்கு விழுந்தது, அதற்கு முன் என்ன சத்தம் கேட்டது. "மெஷின் ரொம்ப மோசம் சார்" என்று நீங்கள் சொன்னால் போனை வைத்துவிடுவார். சென்னை மேடத்துக்கு இங்கே மண்டபத்தில் கண்ணும் கையும் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம். ஆனால் மீட்டரைப் படிப்பது மட்டும்தான் வேலை, தீர்ப்பு சொல்லக் கூடாது.

இன்னொன்று. டென்னிஸில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 25 வினாடி கிடைக்கிறது, துண்டால் முகம் துடைத்து நிதானமாக மூச்சு விடலாம். நம் ஆட்டத்தில் அதற்கெல்லாம் நேரம் ஏது? தாமதம் செய்தால் நடுவர் கூப்பிட்டுவிடுவார். வேர்வை துடைக்கவே அவரிடம் கேட்க வேண்டும். 11 புள்ளியில் 60 வினாடி இடைவேளை, அதிலும் 20 வினாடி மிச்சம் இருக்கும்போதே அறிவித்துவிடுவார்கள். ஆக 12 நிமிடப் பதிவு கோர்ட்டுக்குள் வராது. கோர்ட்டுக்குள் வருவது ஒரே ஒரு மூச்சு. ஷட்டிலை எடுக்க நடக்கிற அந்த நாலு அடியில் விடுகிற ஒரு நீளமான மூச்சு. வீட்டில் செய்வது எல்லாம் அந்த ஒரு மூச்சு தானாக வரவேண்டும் என்பதற்குத்தான். மேடத்துக்குப் பூப்பந்து விதிகள் தெரியுமா என்று முதலில் கேளுங்கள். தெரியாவிட்டால் மகளையே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள், அதற்கு ஒரு அமர்வு போனாலும் பரவாயில்லை.

தூரம் என்றதும் உங்கள் ஊர் நிக்கோல் டேவிட் நினைவுக்கு வருகிறார். 2006லிருந்து 2015 வரை ஸ்குவாஷில் உலகின் முதல் இடத்தை விடாமல் வைத்திருந்தவர். பயிற்சி ஆம்ஸ்டர்டாமில், லிஸ் இர்விங்கிடம். நீங்கள் உடனே கேட்பீர்கள், அங்கே கோச் பக்கத்தில்தானே இருந்தார் என்று. ஆமாம். தூரத்தில் இருந்தது பினாங்கு வீடுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா, அவள் துடைக்கும்போது உங்கள் வயிறு கலங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கலங்கியது முகத்தில் தெரியாமலா இருந்திருக்கும்? நீங்கள் உட்கார்ந்திருந்ததோ கோர்ட்டுக்கு நேர் பின்னால்.

ஜெலுத்தோங் டெக்னீஷியன்:

டீச்சர், கடைசி இரண்டு வரியைப் படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் ஈப்போவில் என் மச்சான் எடுத்த வீடியோவைத் தேடி எடுத்தார். 18-16ல் நான் தலையில் கை வைத்திருக்கிறேன். 18-17ல் எழுந்து நிற்கிறேன். 18-18ல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருகிறேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை. மகள் இரண்டு தடவை என் பக்கம் பார்க்கிறாள்.

போனில் மெஷின் சரிசெய்தது உண்மைதான். போன வருடம் விடிகாலை 3 மணிக்கு ஜெர்மனிக்காரர் ஒருவர் வழிசொல்ல, நான் ஸ்பேனருடன் மெஷினுக்கு அடியில் படுத்திருந்தேன். அவர் ஒரு தடவைகூட என்னைத் தைரியமாக இருக்கச் சொல்லவில்லை. மீட்டரில் உள்ள எண்களை மட்டும் படிக்கச் சொன்னார். சரி, புரிந்தது.

பிரிக்பீல்ட்ஸ் ஆலோசகர்:

விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில், பாதி அமர்வுகள் இணையத்தில்தான். அதனால் கொஞ்சம் பக்கச் சார்போடுதான் எழுதுகிறேன், கழித்துக்கொள்ளுங்கள்.

ஐயா, அந்தத் துடைப்பை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலான பெற்றோர் முதலில் செய்வது அதைத்தான். "துடைக்காதே" என்று சொல்லி அனுப்பினால் 18-15ல் பிள்ளைக்கு இரண்டு வேலை: பந்தையும் பார்க்க வேண்டும், கையையும் அடக்க வேண்டும். மண்டபத் தரையில் தூசி இருந்தால் காலணி வழுக்கத்தான் செய்யும், துடைப்பதில் நியாயம் உண்டு. ஒரு தடவை துடைப்பது வேலை, மூன்று தடவை துடைப்பது பதற்றம். ஒரு துடைப்பு, அதோடு ஒரு மூச்சு என்று கட்டிவிடலாம். இருக்கிற பழக்கத்தின் மேலேயே புதியதை ஏற்றுவது சுலபம்.

மேடம் சொல்லித்தரும் இந்தக் கவனிப்புப் பயிற்சிக்கு மைண்ட்ஃபுல்னஸ் என்று பெயர். அது மனத்தை அமைதியாக்கும் மருந்து என்று நினைக்கிறார்கள். இன்று சொல்லித்தரப்படும் வடிவத்தின் மூலம், 1979ல் ஜான் கபாட்-சின் மாசசூசெட்ஸில் தொடங்கிய பயிற்சி. வந்தவர்கள் பலர் மருந்தால் தீராத நாள்பட்ட வலி உள்ளவர்கள். வலி போய்விடும் என்று அவர்களிடம் சொல்லவில்லை, வலி இருக்கும்போதே அதைக் கவனிக்கப் பழக்கினார். விளையாட்டுக்கென்று கார்ட்னர், மூர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த முறையும் அதே வழிதான்: பதற்றத்தை விரட்ட வேண்டாம், அது உள்ளே இருக்கும்போதே அடுத்த பந்தில் கண்ணை வை. 18-14ல் உங்கள் மகளுக்குக் கெலாபா வரத்தான் போகிறது. வராமல் செய்வதாக யாராவது வாக்குக் கொடுத்தால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

குகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 உலகச் சதுரங்கப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றார், வயது 18. அவரோடு மனப் பயிற்சிக்கு இருந்தவர் தென்னாப்பிரிக்காவின் பேடி அப்டன், 2011ல் இந்தியக் கிரிக்கெட் அணியோடு இருந்த அதே ஆள். தோற்ற பிறகு இன்னும் 13 ஆட்டம் உட்கார்ந்து ஆடியதுதான் அங்கே விஷயம். பூப்பந்தில் அந்த "அடுத்த ஆட்டம்" சில வினாடியில் வந்துவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

படுக்கையில் பதிவு கேட்பதைப் பகலுக்கு மாற்றுங்கள். உட்கார்ந்து, கண்ணைத் திறந்துகொண்டு, 5 நிமிடம் போதும். படுத்துக் கேட்டால் உடம்பு அதைத் தூக்க மருந்தாகப் பழகிக்கொள்ளும், கோர்ட்டில் அது வேண்டாம்.

அப்புறம், கேட்கச் சங்கடமான சில கேள்விகளை மேடத்திடம் கேட்டுவிடுங்கள். என்ன படித்தார், எந்த விளையாட்டில் வேலை செய்திருக்கிறார், தன்னால் முடியாதது வந்தால் யாரிடம் அனுப்புவார். இங்கே கவுன்சிலர், அதாவது ஆலோசகர், என்று பெயர் போட 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். மென்டல் கோச் என்று போட எதுவும் வேண்டாம். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பேசுவது நல்ல ஏற்பாடு, 15 வயதில் கதவைப் பூட்டிக்கொண்டு வேண்டாம். ஆனால் நீங்கள் சமையலறையிலிருந்து பதில் சொல்வதை நிறுத்துங்கள். தூக்கம், சாப்பாடு, பள்ளிப் படிப்பு இவற்றில் எதுவும் சரிய ஆரம்பித்தால் அது ஜூமில் மூச்சுப் பயிற்சி செய்யும் விஷயம் இல்லை, நேரில் உளவியலாளரைப் பார்க்க வேண்டும். மாநில அணியில் இருப்பதால் அணி மேலாளரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், அவர்கள் வழியாக யாராவது கிடைக்கலாம்.

பிறை மாமா:

எல்லாரும் நல்லாத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் பிள்ளை ஜெயித்ததா இல்லையா என்று கடைசியில் யாராவது சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் டெக்னீஷியன் (ஐந்து வாரம் கழித்து):

மாமா கேட்டதற்காகவே திரும்பி வந்தேன்.

டீச்சர் சொன்னபடி மச்சானைப் பிடித்து, பயிற்சி ஆட்டங்களில் பந்தை விட்டுவிட்டு மகளை மட்டும் படம் எடுக்கச் சொன்னேன். நான் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு. புள்ளி என்ன, புள்ளி முடிந்ததும் அவள் கை எங்கே போனது, கண் எங்கே போனது, இவ்வளவுதான் எழுதினேன். "பயந்துவிட்டாள்" என்று இரண்டு இடத்தில் எழுதி அடித்திருக்கிறேன். 16க்கு மேல் உள்ள இடைவெளிகளை மட்டும் வெட்டிச் சென்னைக்கு அனுப்பினோம், மொத்தம் நாலு நிமிடம்.

மேடம் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்: "அவள் வலக்கை ஆட்டக்காரிதானே, துடைப்பதும் ஏன் வலக்கையால்?" நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ராக்கெட்டை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் காலணியைத் துடைத்து, திரும்ப ராக்கெட்டைப் பிடிக்கிறாள். ஒவ்வொரு தடவை திரும்பப் பிடிக்கும்போதும் பிடி இன்னும் இறுக்கமாக விழுகிறது, உள்ளங்கையில் தூசி வேறு. மூன்று தடவை துடைத்தால் மூன்று தடவை இறுகும். நெட்டில் தொடவேண்டியதை அவள் ஏன் தள்ளினாள் என்று எங்கள் கோச்சுக்குக் காட்டினேன். அவர் வாய்க்குள் ஏதோ ஹொக்கியன் சீனத்தில் சொல்லிக்கொண்டார், நல்ல வார்த்தையாக இருக்காது.

இப்போது ராக்கெட் வலக்கையிலேயே இருக்கிறது, விரல்கள் தளர்ந்து. இடக்கையால் ஒரே துடைப்பு, குனிந்து நிமிரும்போது ஒரு மூச்சு வெளியே. இதைக் கோர்ட்டில் மட்டும் இல்லை, பள்ளிக்கு ஷூ போடும்போதும் செய்கிறாள். மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

போன சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் போட்டி. காரை வீட்டில் விட்டுவிட்டு ஃபெரியில் போனோம். கடல் தாண்டும் அந்தக் கால் மணி நேரம் அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை, அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மண்டபத்துக்குள் மச்சான் மட்டும் போனார். நான் வெளியே கேன்டீனில் தே தாரேக்கோடு. சுவருக்கு அந்தப்பக்கம் காலணிகள் கிறீச்சிடுகிற சத்தம் மட்டும் வரும். முதல் சுற்று இரண்டு செட்டில் முடிந்தது. காலிறுதியில் மூன்றாவது செட், 17-17 என்று மச்சான் செய்தி அனுப்பினார். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். 21-19, மகள் பக்கம். அரையிறுதியில் முதலிடத் தரவரிசைப் பெண்ணிடம் தோற்றாள், 14-21, 16-21. அது ஆட்டத்தில் தோற்ற தோல்வி, கோச்சுக்கு அதில் வருத்தமே இல்லை. காலிறுதியில் 18-17ல் இரண்டு தடவை துடைத்தாளாம், மச்சான் நோட்டில் எழுதியிருக்கிறார். மேடத்துக்கு அனுப்பிவிட்டோம்.

வெளியே வந்ததும், "அப்பா, எங்கே உட்கார்ந்திருந்தீங்க?" என்றாள். கேன்டீனில் என்றேன். "அடுத்த போட்டிக்கும் அங்கேயே உட்காருங்க" என்று சொல்லிவிட்டு மீ கோரெங் வாங்கப் போய்விட்டாள்.

மாமா, ஒரு அமர்வுக்கான கட்டணம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இனி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும் என்று மேடமே சொல்லிவிட்டார், ஆக மாதம் 240.